கரண்ட் இல்லாத ஊரில் கல்யாண ஐஸ்கிரீம்

போன மாதம் யுவராணி போன் செய்தாள். திருவொற்றியூரில் எங்கள் ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர்கிடங்கில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

"மேடம், கடைங்கள்ல இருக்கிற எல்லா ஃப்ரீசர்லயும் சென்சார் மாட்டிட்டாங்க. உள்ளே சூடு ஏறினா என் போனுக்கே மெசேஜ் வந்துடும். அந்தத் தலைகீழ் பாட்டிலையெல்லாம் எடுத்துடலாம்னு சொல்றாங்க. எடுத்துடவா?"

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவளிடம் இதைக் கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. ஆனாலும் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

பாட்டிலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலில் பாதிவரை தண்ணீர் பிடித்து, நிற்கவைத்து உறையவிட வேண்டும். உறைந்ததும் தலைகீழாகக் கவிழ்த்து ஃப்ரீசரின் மூலையில் செருக வேண்டும். இப்போது மூடி கீழே, பனிக்கட்டி மேலே. கரண்ட் போய் உள்ளே எல்லாம் கரைந்தால் அந்தப் பனிக்கட்டியும் தண்ணீராகி மூடிப் பக்கம் இறங்கும். பிறகு கரண்ட் வந்து மறுபடி எல்லாம் கல்லாக உறைந்தாலும், பாட்டிலில் பனிக்கட்டி கீழே இருக்கும். கடைக்காரர் ஒன்றும் சொல்ல வேண்டாம், பாட்டில் சொல்லிவிடும். எங்கள் கிடங்கிலிருந்து சரக்கு எடுக்கும் ஒவ்வொரு கடையின் பெட்டியிலும் இப்படி ஒன்று இருக்கும். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சாட்சி.

நான் வியாசர்பாடி குடியிருப்பில் வளர்ந்தவள். பிளஸ் டூ முடித்த கையோடு ராயபுரத்தில் கம்பெனியின் இனிப்புக் கூடத்தில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனேன். கரண்ட் போனால் எது தாங்கும், எது தாங்காது என்பதை அங்கேயே கற்றுக்கொண்டேன். நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த லட்டு, மைசூர்பாகு எல்லாம் கரண்டைப் பற்றிக் கவலைப்படாத பண்டங்கள். ஏசி நின்றால் சாக்லேட் பர்பியின் மேல் வெள்ளை பூக்கும். கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் யாரும் வாங்க மாட்டார்கள். ரசமலாய் போன்ற பால் இனிப்புக்கு ஃப்ரிட்ஜின் குளிர் போதும். அது இல்லையென்றால் நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். ஐஸ்கிரீம்தான் இருப்பதிலேயே கோபக்காரப் பண்டம். தண்ணீர் உறைகிற குளிர் அதற்குப் போதாது. அதைவிட வெகு கீழே இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் கெட்டுப்போன சரக்கு எவ்வளவோ.

பிறகு திருவொற்றியூர் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே பொறுப்பாளர் தேவசகாயம் சார். ஒல்லியான மனிதர். சித்திரை வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கரண்ட் போனால் மற்ற கிடங்குகளில் ஓட்டமும் கூச்சலுமாக இருக்கும். எங்களிடம் நேர்மாறு. விளக்கு அணைந்த உடனே அவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து குளிர் அறையின் கதவுக்கு முன்னால் போட்டு, கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்துகொள்வார். செய்தித்தாளைப் பிரிப்பார்.

"கரண்ட் போச்சுன்னா நம்ம வேலை ஒண்ணும் செய்யாம இருக்கிறது கலா. அதான் கஷ்டமான வேலை" என்று சொன்னார், முதல் நாள்.

உள்ளே எதையாவது எடுக்க வேண்டுமென்றால் அவரிடம் விண்ணப்பிக்க வேண்டும். என்ன சரக்கு, எந்த அடுக்கு, இடமா வலமா என்று மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். தடுமாறினால், "போய் நினைச்சுகிட்டு வா" என்பார். ஒரு முறை விற்பனைப் பிரதிநிதி ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். கல்மண்டபத்தில் ஒரு கடைக்குச் சரக்கு தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"சார், சரக்கெல்லாம் நல்லா இருக்குதா? ஒரே ஒரு தடவை பார்த்துட்டு மூடிடறேன்."

"நல்லா இருக்குது தம்பி. நீ பார்க்கிற வரைக்கும் நல்லா இருக்கும்."

அவர் நாற்காலியை நகர்த்தவில்லை. பிரதிநிதியும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சிரித்துக்கொண்டே டீ வாங்கப் போய்விட்டார்.

கரண்ட் வந்த பிறகும் தேவசகாயம் சார் உடனே எழுந்திருக்க மாட்டார். மோட்டார் சத்தம் சீராகி, உள்ளே குளிர் மறுபடி நிலைபெறும்வரை காத்திருப்பார். பிறகுதான் கதவு. உள்ளே போய் ஒவ்வோர் அடுக்கிலும் ஓரத்து டப்பாவின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். நடுவில் இருப்பது எப்போதும் தாங்கும், ஓரம்தான் முதலில் இளகும். மூலை கல்லாக இருந்தால் சரி. லேசாக அமுங்கினால் அந்த அடுக்கு முழுவதும் தனியே போகும். கட்டைவிரல் முதல் சாட்சி, பாட்டில் கடைசி சாட்சி என்பார். பாட்டிலின் பனிக்கட்டி கரைந்து இறங்குவதற்கு வெகு முன்னால் ஐஸ்கிரீம் இளகிவிடும் இல்லையா, அதனால். இளகியதை மறுபடி உறைய வைக்கலாமே என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைப் பிறகு நூறு கடைக்காரர்களிடம் நான் சொல்லியிருக்கிறேன்: "கரைஞ்ச பால்ல கிருமி பெருகும். உறைஞ்சா அது சாகாது, தூங்கும். தின்னவன் வயித்துல எழுந்துக்கும்."

அவர் ஓய்வுபெற்ற பின் அந்த நாற்காலி எனக்கு வந்தது.

இனி செல்வியின் கதை. எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் கடை வைத்திருப்பவள். என் வயதுதான் இருக்கும். பல வருஷம் காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் விற்றவள். முழங்கால் வலி வந்த பிறகு, வீட்டின் முன்னறையைக் கடையாக்கி எங்களிடம் ஐஸ்கிரீம் எடுக்க ஆரம்பித்தாள். முன்னால் கண்ணாடி மூடி போட்ட சிறிய ஃப்ரீசர், பின்னறையில் ஓர் ஆளைப் படுக்கவைக்கலாம் போல நீளமான பெரிய ஃப்ரீசர் பெட்டி. இரண்டும் கம்பெனி கொடுத்தவை. அவள் கணவர் குமார் விசைப்படகில் போகிறவர்.

கடை மெல்லத்தான் நகர்ந்தது. காரணத்தைச் செல்வியே ஒளிக்காமல் சொல்வாள். "மீன் கூட தூக்குன கையி, இவ கிட்ட இன்னா ஸ்வீட்டுன்னு கேக்குறாங்கோ கலாக்கா. வாங்கி மோந்து பாத்துட்டுத்தான் வாயில வெக்குறாங்கோ."

ஒரு வருஷம் குமாரின் அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு கல்மண்டபம். வரவேற்புக்கு ஐஸ்கிரீம் டவுனில் பெரிய கடையிலிருந்து வரட்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருக்கிறார். குமாரின் அக்கா விடவில்லை. என் தம்பி பெண்டாட்டி கடை வைத்திருக்கும்போது வெளியில் ஏன் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். செல்விக்கு அது முதல் கல்யாண ஆர்டர். "இது மட்டும் நல்லா நடந்துச்சுன்னா எண்ணூரு முச்சூடும் என் கிட்ட வந்துடும்க்கா. கவுந்துச்சுன்னா, மறுபடி மீன் கூடதான்" என்றாள். முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள். கல்யாணச் சரக்கு முழுவதும் முன்கூட்டியே அவளுடைய பெரிய பெட்டிக்குப் போய்விட்டது.

அதன் பிறகு புயல் எச்சரிக்கை வந்தது. எங்கள் வழக்கப்படி கிடங்கைக் காலி செய்து, சரக்கையெல்லாம் நகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கிடங்குக்கு அனுப்பினோம். நல்லவேளை. புயல் இரவில் கிடங்குக்குள் தண்ணீர் ஏறி ஜெனரேட்டரே மூழ்கிவிட்டது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன.

புயல் ஓய்ந்த மறுநாள், கடைகளின் பெட்டிகளைப் பார்வையிடக் கிளம்பினேன். கரைந்ததைக் கொட்டச் செய்வதும் அதைப் பதிவு செய்வதும் என் பொறுப்பு. சாலை சரியான பிறகு, அப்படிக் கொட்டியதற்குக் கம்பெனி வேறு சரக்கு கொடுத்துவிடும். நெட்டுக்குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ பாதிவரைதான் போனது. மிச்ச தூரம் முழங்கால் தண்ணீரில் நடந்தேன். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் எதிரே நின்றன.

கடை வாசலில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். நான் பயந்துகொண்டு வந்த முகம் அவளிடம் இல்லை.

"வா கலாக்கா! கரண்ட்டு செய்றது எங்க ஊர்ல, எரியிறது ஊருக்கு அந்தாண்ட. பாத்தியா கூத்த? ஆனா நீ ஒண்ணும் பேஜாராவாத. நாங்க யாரு? ஐஸிலயே பொறந்து வளந்தவங்கோ. வந்து பாரு."

கண்ணாடி மூடிக்குள் பார்த்தேன். நொறுக்கிய மீன் ஐஸ், விளிம்புவரை. கப்புகளும் கோன்களும் அதற்குள் புதைந்து கிடந்தன. பின்னால் குமார் பெருமையோடு நின்றார்.

"பொயலு, போட்டு எதுவும் கடலுக்குப் போவல. காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரில ஐஸு கட்டி கட்டியா கெடக்குது, கேக்க நாதியில்ல. குட்டியானை வண்டில அள்ளிகினு வந்தேன். இந்த ஐஸ் வவ்வா மீன ஒரு வாரம் தாங்கும். ஐஸ்கிரீம் எம்மாத்திரம்?"

யோசித்துப் பாருங்கள். புயலால் கரண்ட் போனது. அதே புயலால் படகுகள் கரையில் நிற்க, ஐஸ் கட்டிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. மீன்பிடிக்கிறவர்கள் குளிருக்கு நம்புவது ஐஸைத்தான். அவர்களுக்கு இதைவிட இயல்பாக வேறென்ன தோன்றும்?

நான் ஒரு கப்பை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது.

செல்வியின் முகம் மாறியது. "இன்னாக்கா இது? சுத்தி ஐஸ் கல்லு மாதிரி கீது. நடுவுல இது மட்டும் கஞ்சியாக் கீது?"

"செல்வி, உன் ஐஸ் மீனுக்குக் குளிரு. ஐஸ்கிரீமுக்கு அது அடுப்பு. ஐஸ்கிரீம் உன் ஐஸைவிட ரொம்பக் குளிர்ச்சி. நீ ஐஸைக் கொட்டி அதைச் சூடாக்கிட்டே."

குமார் வாய்விட்டுச் சிரித்தார். "ஐஸ் போட்டா சூடாவுதா? இன்னாக்கா, நல்லா கீறியா நீ?"

விளக்கிக்கொண்டு நிற்க நேரமில்லை. முன்பெட்டியில் பால் சேர்ந்த எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்றேன். செல்வி ஃப்ரீசரின் மேல் இரண்டு கையையும் வைத்து மறித்தாள்.

"கொட்டறதா? கரண்ட்டு வந்தா தானா கட்டியாயிடும்க்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

"உன் கையைத்தானே எல்லாரும் மோந்து பார்க்கிறாங்க? இதைத் தின்னு ஒருத்தருக்கு வயிறு போச்சுன்னா, அப்புறம் மோந்துகூடப் பார்க்க மாட்டாங்க."

அவள் கையை எடுத்தாள். தேவசகாயம் சாரின் வார்த்தைகளை அப்போது நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பால் சேராத பழச்சாற்றுக் குச்சி ஐஸ்களை மட்டும் தனியே எடுத்து வைத்தோம். அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். மற்றதை அவளே பிரித்துப் பிரித்து வாளியில் கொட்டினாள். அந்தப் பெட்டியில் சாட்சி பாட்டிலைத் தேடினேன். இல்லை.

"அத்தயா? கோடைல ஒரு ஆட்டோக்காரன் தாகம்னான். குட்த்துட்டேன்" என்றாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"பெரிய பெட்டியிலும் ஐஸ் போட்டுட்டியா?" என்று கேட்டேன்.

"போடத்தான் வோணும்னு இருந்தேன். இந்த மன்சன் வலய எடுத்தாத்தான?"

பின்னறைக்குப் போனேன். பெட்டி கண்ணுக்கே தெரியவில்லை. வீட்டில் அந்த ஓர் அறைதான் ஒழுகாது என்று, புயலுக்கு முன் குமார் தன் வலைகளையெல்லாம் கொண்டுவந்து பெட்டியின்மேல் குவித்து, தார்ப்பாயும் போர்த்தியிருந்தார். நாலு ஆள் சேர்ந்தால்தான் நகரும் பாரம். புயலிலிருந்து இன்றுவரை அந்த மூடியை யாரும் திறக்கவில்லை. திறந்திருக்கவும் முடியாது. தேவசகாயம் சாரின் நாற்காலியைவிடப் பெரிய காவல்.

"ரெண்டு நாளா கத்திகினு கீறேன், வலய எடு, வலய எடுன்னு" என்றாள் செல்வி.

"எடுக்காததுக்கு அவருக்கு ஒரு மாலை வாங்கிப் போடு" என்றேன்.

சரக்கு நிறைந்த பெரிய பெட்டி, மூடி திறக்காமல் இருந்தால், இரண்டு நாள் தாங்கும். அந்த இரண்டு நாள் முடியப்போகிறது. வரவேற்பு நாளைக்கு மறுநாள் சாயங்காலம். பந்தலுக்கு வரவேண்டிய ஜெனரேட்டரும் அன்று மதியம்தான் கிடைக்கும். ஏரியாவில் இருந்தவையெல்லாம் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருந்தன. திறக்காமல் விட்டால் கல்யாணத்துக்குள் கரைந்துவிடும். திறந்தால் இருக்கிற குளிரும் போகும். என் வேலையில் நான் கற்ற முதல் பாடமே திறக்காதே என்பதுதான். ஆனால் தேவசகாயம் சார்கூட, என்ன வேண்டும், எங்கே இருக்கிறது என்று தடுமாறாமல் சொன்னவர்களுக்கு வழிவிட்டிருக்கிறார். ஒரே ஒரு தடவை திறக்க வேண்டும். அதற்கு முன் எல்லாம் தயாராக வெளியே இருக்க வேண்டும்.

"குமாரு, உங்க வீட்டுல கருவாட்டுக்குக் கல்லுப்பு இருக்கா?"

"மூட்ட மூட்டயாக் கீது. எதுக்கு?"

"ஐஸை நொறுக்கி, மூணு பங்குக்கு ஒரு பங்கு உப்பு கலக்கணும்."

குமார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா, நானு பொறந்ததுலேந்து ஐஸுகூட கீறவன். உப்பு போட்டா ஐஸ் சீக்கிரம் கரஞ்சிபூடும்."

"கரையணும். உப்புல கரையுற ஐஸ் இன்னும் குளிரும். அது கரைஞ்சாதான் இது கரையாது."

"ஐஸ் போட்டா சூடாவுது, உப்பு போட்டா குளிருதுன்றே. உனுக்கு மெய்யாலுமே ஜொரம் கீதா?"

வாதம் வேண்டாமென்று ஒரு எவர்சில்வர் சொம்பு கேட்டேன். நொறுக்கிய ஐஸும் கைப்பிடிக் கல்லுப்பும் போட்டுக் கரண்டியால் கிண்டினேன். கொஞ்ச நேரத்தில் சொம்பின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்தது. குமார் ஈரக் கட்டைவிரலை அதன்மேல் வைத்தார். எடுக்க வரவில்லை.

"யம்மா! ஒட்டிகிச்சி! செல்வி, புடிச்சி இழுடி!"

"அப்டியே இரு. கல்யாணம் முடியட்டும்" என்றாள் செல்வி. அன்று அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

அதன் பிறகு அவருக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் படகு ஆட்களைக் கூப்பிட்டார். கோணிப்பைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டுக் கட்டையால் அடித்து நொறுக்குவது அவர்களுக்குத் தினசரி வேலை. நொறுக்கியதில் உப்பைக் கலந்து, கெட்டி பிளாஸ்டிக் பைகளில் நிரப்பி, பைக்குள் பை போட்டுக் கட்டினோம். உப்புத் தண்ணீர் ஒழுகினால் பெட்டியின் தகடு துருப்பிடிக்கும், டப்பாக்களும் வீணாகும். மீன் வைக்கும் தெர்மோகோல் பெட்டிக்கு ஐஸ்கிரீமை மாற்றிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். பாலைப் போல வாசனையை இழுத்துக்கொள்வது வேறொன்றில்லை. இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

பைகளெல்லாம் வரிசையாகத் தயாரானதும் வலையை நகர்த்தச் சொன்னேன். யார் எந்தப் பக்கம் வைப்பது என்று ஒவ்வொருவரையும் வாயால் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டேன். குமார், "எங்க போட்ட ஓட்டுற ஓடும்பிள்ள மாதிரி முறுக்குறியே" என்றார். பெட்டியின் நடுவில் நான். என் வேலை இரண்டுதான்: ஓரத்து டப்பாவின் மூலை, சாட்சி பாட்டில்.

மூடி திறந்தது. கட்டைவிரலை அழுத்தினேன். கல். எதிர் மூலையில் அழுத்தினேன். லேசான பிடிவாதத்தோடு ஒரு நூல் இறங்கியது போலிருந்தது, அதற்கு மேல் இறங்கவில்லை. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். பனிக்கட்டி மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. "வையுங்க" என்றேன். சுற்றிலும் ஓரங்களில் பைகள் இறங்கின, பிறகு மேலே ஓர் அடுக்கு. குளிர் கீழே இறங்கும் பொருள், அதனால் மேலே அவசியம். மூடி விழுந்தது.

"வலை எங்கே? திரும்பப் போடுங்க."

"பழய எடத்துலயா?"

"பழைய இடத்துலயே."

கிளம்பும்போது செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா கீதாக்கா? எனுக்குத் தெம்பா சொல்லு."

"இன்னைக்கு நல்லா இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் பழைய பைகளை எடுத்துட்டு, இதே மாதிரி புதுசு வைக்கணும். நடுவுல யாரும் திறக்கக் கூடாது. நீயும்தான். கல்யாணத்தன்னைக்கு நான் வந்து விரல் வெச்சுப் பார்ப்பேன். அமுங்கினா ஒரு கப்பும் வெளியே போகாது. அதுக்கும் நீ தயாரா இருக்கணும்."

அவள் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "அப்போ எலயில இன்னா வெப்பேன்?" என்றாள். நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்: "லட்டு புடிச்சிர்றேன். கேஸ் அடுப்பு கீது, கடல மாவு கீது. அதுக்கு எவன் கரண்ட்டும் வோணாம்."

நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பூந்தி பொரித்து லட்டு பிடித்திருக்கிறாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வரவேற்பன்று மதியம் நான் போனபோது செல்வி வலைக்குவியலின் மேல் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அங்கேதான், தூக்கமும் அங்கேதான் என்றார் குமார். "சோறு துன்னக் கூட எறங்கல. நான் கட்ன பொண்டாட்டியா, பொட்டிக்குப் போட்ட பூட்டான்னு தெர்ல."

வலையை நகர்த்தினார்கள். திறந்தேன். எல்லோரும் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலை, இன்னொரு மூலை, பிறகு நடுவில் ஒன்று. எல்லாம் கல். ஓரத்தில் ஒரே ஓர் அடுக்கு அமுங்கியது. அதை எடுத்துத் தனியே வைத்தேன். செல்வி மறிக்கவில்லை, அவளே வாங்கி வாளிப் பக்கம் கொண்டுபோனாள்.

"மிச்சம்?" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"மிச்சம் கல்யாணத்துக்கு."

பந்தலில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. சீரியல் விளக்குகள் அங்கே மட்டும் எரிந்தன. ஊர் மற்ற பக்கமெல்லாம் இருட்டத் தொடங்கியிருந்தது. கல்மண்டபத்திலிருந்து வந்தவர்கள், இந்த ஊரில் இன்றைக்கு ஐஸ்கிரீம் இருக்காது என்று முடிவுகட்டியே வந்திருந்தார்கள் என நினைக்கிறேன். தட்டில் கப் வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா அதை வாங்கி, மூடியைப் பிரித்து, முதலில் மூக்குக்குக் கொண்டுபோனார். செல்வி அவருக்கு நேர் எதிரே நின்றிருந்தாள். தட்டைப் பிடித்திருந்த கையை அவள் அசைக்கவில்லை.

அவர் கரண்டியைக் குத்தினார். கரண்டி நின்றது. தின்றார். அடுத்ததாகத் தட்டிலிருந்த லட்டை எடுத்துப் பிட்டு வாயில் போட்டார்.

"இன்னாடி இது, மீன் வாசனையே வர்ல?"

"வோணும்னா சொல்லுங்க சம்பந்தியம்மா. உங்க சின்னவன் கல்யாணத்துக்குப் போட்டுத் தரேன்."

பந்தி முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாவும்தான். சிரித்து முடித்து, "எனுக்கு இன்னொரு கப்பு குடு. லட்டு வூட்டுக்குக் கட்டு" என்றார். செல்வி தட்டோடு என்னைக் கடந்துபோகும்போது என் தோளில் தோளால் ஓர் இடி இடித்துவிட்டுப் போனாள். அவள் முழங்கால் வலியை அன்று நான் பார்க்கவில்லை.

யுவராணியிடம் பேசுவதற்கு முன் ஒரு முறை நெட்டுக்குப்பம் போய்வந்தேன். அந்தப் பழைய முன்னறை இப்போது இரண்டு கதவுக் கடை. கண்ணாடி அலமாரி முழுக்க லட்டு. நான் போன நேரம் கரண்ட் போனது. மின்விசிறி சுற்றி நின்றது. செல்வி கல்லாவிலிருந்து எழுந்துபோய், முன்பெட்டியின் மூடியில் ஒரு கையை ஊன்றி, பக்கத்திலேயே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். மூலையில் பாட்டில், தலைகீழாக, பனிக்கட்டி மேலே.

துறைமுகத்துக்குப் போகிற லாரியை ஓரங்கட்டிவிட்டு ஓட்டுநர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "ஒரு கோன் ஐஸ் குடுக்கா."

"கரண்ட்டு இல்ல நைனா. லட்டு துன்றியா?"

"ஐஸ்கிரீம் கடயில வந்து லட்டு துன்றதா?"

"லட்டு கரண்ட்ட நம்பி இல்ல. துன்னு பாரு."

அவர் அலுத்துக்கொண்டே ஒன்று வாங்கினார். தின்றுகொண்டே இன்னொன்று வாங்கினார். நான் அங்கேயே வெளியே வந்து யுவராணிக்குப் போன் செய்தேன். சென்சார் இருக்கட்டும், அது உனக்குச் சொல்லும். பாட்டிலும் இருக்கட்டும், அது கடைக்காரருக்குச் சொல்லும் என்றேன். அவள் சரி என்றாள். பேசிவிட்டு உள்ளே வரும்போது மின்விசிறி சுற்றத் தொடங்கியது. பெட்டியின் மோட்டார் ஒரு முறை செருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"கரண்ட்டு வந்துடுச்சிக்கா! இப்போ எடு" என்றார் லாரிக்காரர்.

செல்வி மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உனுக்கு வந்துகீது. பொட்டிக்கு இன்னும் வர்ல. குந்து."